வயிற்றைக் குறுக்கிய பிறகு வரும் வாழ்க்கை: ஓர் எளிய விளக்கம்

போன ஆவணியில் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அக்காவுடையது. பெரியம்மா மகள். மூன்று வருடத்துக்கு முன் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். ஒரு கரண்டி பருப்பு, கொஞ்சம் அவியல், எலுமிச்சம்பழ அளவுக்குச் சோறு. அவ்வளவுதான் வாங்கினாள். தண்ணீர் தம்ளரைக் கை எட்டாத இடத்துக்குத் தள்ளி வைத்தாள்.

எதிர் வரிசையிலிருந்து மாமா ஒருவர், "அவளுக்கு வயித்தைச் சொம்பு மாதிரி ஆக்கிட்டாங்க, அவ்வளவுதான் கொள்ளும்" என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கினார். "எல்லாம் ரெண்டு வருஷம்தான், திரும்பப் போட்டுடுமாம்" என்றார் ஓர் அத்தை. சித்தி மகள் என் காதருகே வந்து, "எனக்கும் ஒரு பத்து கிலோ அப்படி உறிஞ்சி எடுத்துட்டா நல்லா இருக்கும்ல?" என்றாள். பாயசம் வருவதற்குள் மூன்று தப்பு. மாமா சொன்னதில் பாதி உண்மை இருப்பதால் இரண்டரைத் தப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அறுவையைப் பற்றிப் பேசாத வீடு குறைவு. ஆனால் பேச்செல்லாம் எத்தனை கிலோ குறைந்தது என்பதோடு நின்றுவிடுகிறது. குறைந்த பிறகு அந்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்பது யார் பேச்சிலும் வருவதில்லை. அதற்காகத்தான் இது.

முதலில், எது இல்லை?

சித்தி மகள் சொன்னது லைப்போசக்ஷன். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் குழாய் வைத்து இழுத்து உடலுக்கு வடிவம் கொடுக்கும் அழகு சிகிச்சை அது. சர்க்கரை நோயையோ மூட்டு வலியையோ சரிசெய்வது அதன் வேலை இல்லை. நாம் பேசப்போவது பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை: உடல் பருமனைக் குறைக்க இரைப்பையிலும் குடலிலும் செய்யப்படும் அறுவை. இதில் ஒரு வகைக்குப் பைபாஸ் என்று பெயர். அதைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

யாருக்குச் செய்வார்கள்? அதற்கு பி.எம்.ஐ. என்ற அளவு வேண்டும். எடையை (கிலோவில்) உயரத்தின் வர்க்கத்தால் (மீட்டரில்) வகுத்தால் வருவது. 160 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு 90-ஐ 2.56-ஆல் வகுத்தால் சுமார் 35. பேரியாட்ரிக் மருத்துவர்களின் சர்வதேசச் சங்கங்கள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம். சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 30-லிருந்தே யோசிக்கலாம். ஆசியர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே இந்த நோய்கள் வந்துவிடுவதால், நமக்கு வரம்பு 27.5 வரை இறங்குகிறது. ஆனால் இந்தியாவில் மருத்துவக் காப்பீடு வேறு கணக்குப் போடுகிறது. பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் கடுமையான துணைநோய் என்பதுதான் அதன் நிபந்தனை. மருத்துவர் சரி என்றும் காப்பீட்டு நிறுவனம் இல்லை என்றும் சொல்வது இதனால்தான். இந்த இடைவெளியில் பணம் புரட்டி அலைந்தவர்கள் நிறைய.

சொம்புக் கணக்கு

அண்டாவை எடுத்துவிட்டுச் சொம்பு வைத்தால் குறைவாகத்தான் கொள்ளும். இந்த அறுவை தொடங்கியதும் ஏறக்குறைய இந்த எண்ணத்தில்தான். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் பிறகு குண்டாவதில்லை என்பதைக் கவனித்து, 1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் உடல் பருமனுக்கென்றே முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார்.

இன்று அதிகம் செய்யப்படுபவை இரண்டு. ஒன்று ஸ்லீவ்: இரைப்பையை நெடுக்குவாட்டில் வெட்டி, முக்கால் பங்குக்கும் மேல் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். இன்னொன்று பைபாஸ்: இரைப்பையின் மேற்பகுதியில் முட்டை அளவுக்குச் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். மீதி இரைப்பையும் குடலின் முதல் பகுதியும் உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் போகிற பேருந்து மாதிரி. இரண்டையும் வயிற்றில் சில சிறு துளைகள் போட்டே செய்துவிடுகிறார்கள்.

சரி, சொம்புக் கணக்கு மட்டும் உண்மையென்றால் என்ன நடக்க வேண்டும்? சொம்பு நிறையாத பசியோடு அந்த மனிதர் நாள் முழுக்கத் தவிக்க வேண்டும். பட்டினி கிடப்பவர் போல. ஆனால் அறுவை முடிந்தவர்களில் பெரும்பாலோர் சொல்வது நேர்மாறு. முதல் சில மாதங்களில் பசியே தெரிவதில்லை. மணி பார்த்துத்தான் சாப்பிடுகிறார்கள். இன்னொரு புதிரும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எடை பெரிதாகக் குறையும் முன்னரே, சில நாட்களிலேயே, சர்க்கரை அளவு இறங்கத் தொடங்கிவிடுகிறது. சொம்பை வைத்து இதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

மொட்டைமாடித் தொட்டி

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் சென்சார் மாட்டியிருப்போம். தண்ணீர் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் அதுவாக மோட்டாரைப் போடும், நிறைந்தால் நிறுத்தும். உடலில் கொழுப்புக்கும் ஏறக்குறைய அப்படி ஒரு சென்சார் உண்டு. அது மூளையில் இருக்கிறது. உடல் விட்டுக்கொடுக்காமல் காக்க நினைக்கும் அந்த எடைக்கு 'நிலைப்புள்ளி' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பட்டினி கிடந்து எடையைக் குறைப்பது, தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீரை மொண்டு கொட்டுவது போன்றது. மட்டம் இறங்கியதும் சென்சார் விழித்துக்கொள்ளும். மோட்டார் ஓடும், அதாவது பசி கூடும். போதாததற்கு, செலவாகும் குழாய்களையும் அது பாதி மூடிவிடும்: உடல் எரிக்கும் கலோரி குறையும். அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் உணவாலும் உடற்பயிற்சியாலும் பெருமளவு எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். 2016-இல் வந்த முடிவின்படி, பெரும்பாலோருக்கு எடை திரும்பக் கூடியிருந்தது. அப்போதும் அவர்கள் உடல், எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. "வாயைக் கட்டினா போதும்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் இந்த ஒரு தகவலையாவது மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அறுவை இந்தச் சென்சாரைக் கீழே இறக்கிக் கட்டுகிறது. எப்படி? ஹார்மோன்கள் வழியாக. ஹார்மோன் என்றால் ஓர் உறுப்பு இரத்தத்தில் கலந்து இன்னோர் உறுப்புக்கு அனுப்பும் இரசாயனச் செய்தி. கிரெலின் என்ற ஹார்மோன் மூளைக்குப் பசியைச் சொல்வது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதிகமாகச் சுரப்பது இரைப்பையின் மேல்மூலையில். ஸ்லீவில் வெட்டி எடுப்பது பெரும்பாலும் அந்த மூலையைத்தான். இன்னொரு பக்கம், சாப்பாடு வழக்கத்தைவிட வேகமாகச் சிறுகுடலுக்குள் போவதால் குடல் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனை அள்ளி விடுகிறது. இது 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும், இன்சுலின் சுரப்பையும் தூண்டும். இப்போது எல்லோரும் பேசும் எடைக்குறைப்பு ஊசிகள் இதே ஹார்மோனைப் போலச் செயல்படுபவைதான்.

இதுவரை பார்த்தது: வயிற்றின் அளவு குறைவது ஒரு பாதி. பசிக்கும் நிறைவுக்கும் ஆன செய்திகள் மாறுவது மறுபாதி. பெரிய பாதி அதுதான்.

வாழ்க்கைத் தரத்தை எதை வைத்து அளக்கிறார்கள்?

எடைக்குத் தராசு இருக்கிறது. 'நல்லா இருக்கேன்' என்பதற்கு? அதற்கும் கருவி உண்டு, கேள்வித்தாள். எஸ்.எஃப்-36 என்று ஒன்று, பெயரிலேயே இருப்பதுபோல 36 கேள்விகள். மாடி ஏற முடிகிறதா, குளித்து உடுத்த முடிகிறதா, வலி வேலையைக் கெடுக்கிறதா, உடல்நிலையால் உறவினர் வீட்டுக்குப் போவது தடைப்படுகிறதா என்று போகும். உடலுக்கு ஒரு மதிப்பெண், மனதுக்கு ஒரு மதிப்பெண். பருமன் உள்ளவர்களுக்கென்றே இன்னும் நெருக்கமாகக் கேட்கும் கேள்வித்தாள்களும் இருக்கின்றன. நாற்காலியில் உட்காரும்முன் தாங்குமா என்று யோசிப்பது உண்டா என்ற மாதிரிக் கேள்விகள்.

சிரிக்க வேண்டாம். அக்கா மருத்துவமனைக்குப் போகும்போது அவள் மனதில் இருந்த பட்டியலில் சர்க்கரை கடைசியில்தான் இருந்தது. ஷேர் ஆட்டோவில் அவளிடம் இரண்டு பேருக்கான காசு கேட்டது முதலில். கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி அடுத்தது. புடவைக் கொசுவத்தைக் குனிந்து சரிசெய்யத் தன் மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது அதற்கடுத்தது. அறுவைக்கு ஏழு மாதம் கழித்து ஒரு நாள் வாசற்படியில் உட்கார்ந்து, தானே குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டாள். "ஏய், இங்க பாருடா" என்று கூப்பிட்டுக் காட்டினாள். தராசில் அன்று என்ன எண் என்று எனக்கு நினைவில்லை.

பொதுவாகவே ஆய்வுகளில் உடல் சார்ந்த மதிப்பெண்தான் நன்றாக ஏறுகிறது. மூட்டு வலி, மூச்சிரைப்பு, தூக்கத்தில் மூச்சு அடைப்பது எல்லாம் குறைகின்றன. மனம் சார்ந்த மதிப்பெண் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. இதை அப்புறம் பார்ப்போம்.

முதல் வருட ஏற்றம், பிறகு ஒரு சரிவு

இந்த விஷயத்தில் மிக நீண்ட காலம் பொறுமையாகக் கவனித்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1987-இல் தொடங்கிய ஆய்வில் அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும், அதேபோன்ற உடல்நிலையில் அறுவை செய்துகொள்ளாத 2,037 பேரையும் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வாழ்க்கைத் தரத்தைப் பத்து வருடம் அளந்து பார்த்ததில் கிடைத்த கோடு ஒரு குன்று மாதிரி இருந்தது. முதல் வருடத்தில் சரசரவென்று ஏறுகிறது. அதன் பிறகு ஆறாம் வருடம் வரை மெதுவாக இறங்குகிறது. ஆறிலிருந்து பத்து வரை ஏறத்தாழ சமதளம். அந்தச் சமதளம் தொடங்கிய இடத்தைவிட உயரத்தில்தான் இருந்தது. ஆனால் உச்சியில் இல்லை.

உச்சியை மட்டும் படம் பிடிப்பதுதான் விளம்பரம். முன்பு, பின்பு என்று இரண்டு படம் போடுவார்களே, அந்தப் 'பின்பு' பெரும்பாலும் முதல் ஒன்றரை வருடத்துக்குள் எடுத்தது. எட்டாம் வருடத்துப் படம் எதையும் நான் சுவரொட்டியில் பார்த்ததில்லை.

ஏன் இறங்குகிறது? எடை கொஞ்சம் திரும்புவது ஒரு காரணம். புதுசு பழசாவது இன்னொன்று. நாற்பது கிலோ குறைந்த முதல் வருடம் தினமும் ஓர் அதிசயம். நான்காம் வருடம் அது வெறும் உடம்பு. ஆனால் மாத்திரையும் கட்டுப்பாடும் அப்படியே இருக்கும்.

சாப்பாடு, தண்ணீர், மாத்திரை

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மிச்ச வாழ்நாளில் தினமும் மூன்று வேளை வருவது இதுதான்.

அறுவை முடிந்ததும் முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று வாரக்கணக்கில் படிப்படியாகப் போகிறார்கள். அக்கா வீட்டில் அப்போது இருமல் மருந்து மூடியில் தண்ணீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். மடமடவென்று ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது என்ற சுகம் வெகு நாள் கிடையாது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். பந்தியில் தம்ளரைத் தள்ளி வைத்ததற்குக் காரணம் அது. சின்ன இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், சாப்பாட்டையும் சீக்கிரம் கீழே தள்ளிவிடும்.

மெல்லாமல் விழுங்கினால் உள்ளே அடைத்துக்கொள்ளும். உலர்ந்த கோழிக்கறி, சப்பாத்தி, குழம்பு போதாத சோறு எல்லாம் அக்காவிடம் வேலையைக் காட்டியவை. நெஞ்சில் ஒரு கல் நிற்பது மாதிரி இருக்கும், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வரும், எழுந்து போய்விடுவாள். இப்போது அரைமணி நேரம் எடுத்துச் சாப்பிடுகிறாள். ஒரு பந்தியே அதற்குள் முடிந்துவிடுகிறது.

இனிப்பு வேறு கதை. குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, சர்க்கரை நிறைந்த உணவு ஒரேயடியாகக் குடலில் போய்க் கொட்டும்போது குடல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. இதற்கு டம்பிங் என்று பெயர். சாப்பிட்ட அரைமணிக்குள் வரும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வருவதும் உண்டு. மதுவும் இப்படித்தான். பைபாஸுக்குப் பின் வேகமாக ஏறும், ஆகவே பழக்கம் நோயாக மாறும் ஆபத்தும் கூடுகிறது.

அடுத்தது புரதம். நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். மூன்று ஸ்பூனில் வயிறு நிறைகிறவர் இதை எப்படிக் கூட்டுவது? நம் தட்டின் கணக்கே மாற வேண்டியிருக்கிறது. சோறு நடுவில், மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள என்பதுதானே நம் வழக்கம். இனி பருப்பு, முட்டை, மீன், பனீர், சுண்டல் முதலில். மிச்சம் இடமிருந்தால் சோறு. சைவம் சாப்பிடுபவர்களுக்கு இது நிஜமாகவே கஷ்டம், பலர் புரதப் பொடியை நம்பியிருக்கிறார்கள்.

மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. பி12 வைட்டமினை உடல் எடுத்துக்கொள்ள இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் துணை வர வேண்டும். இரைப்பை குறைந்தால் அதுவும் குறையும். இரும்பு, கால்சியம், டி வைட்டமின் ஆகியவையும் குறையக் கூடியவை. குறைந்தால் உடனே தெரியாது என்பதுதான் சிக்கல். இரண்டு மூன்று வருடம் நன்றாக இருந்துவிட்டு, ஒரு நாள் கால் மரத்துப்போய் வந்து நிற்பார்கள். ஆகவே வருடம்தோறும் இரத்தப் பரிசோதனை. தொடர்ந்து வாந்தி இருந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. மூன்றாம் மாதம் முதல் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். வேகமாக எடை குறைவதால் பித்தப்பையில் கல் வரலாம். தளர்ந்த தோல் தொங்கும், அது தானாகச் சுருங்காது. கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், ஆனால் முதல் 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் பெரிய தொந்தரவு. பின்லாந்தில் இரண்டு அறுவைகளையும் ஒப்பிட்ட ஆய்வில், பத்து வருடம் கழித்து உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் பிரிவில் 31 சதவீதம், பைபாஸ் பிரிவில் 7 சதவீதம். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர் எந்த அறுவை என்று முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்தப் பகுதியின் சாரம்: சாப்பாடு குறைகிறது, ஆனால் சாப்பாட்டைப் பற்றிய கவனம் கூடுகிறது.

மனசு தனிக் கணக்கு

ஸ்வீடன் ஆய்வில் ஒரு விவரம் என்னை நிறுத்தியது. பத்து வருட முடிவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு, செய்துகொள்ளாதவர்களைவிட மனச்சோர்வு குறைவு, மக்களோடு பழகுவது கூடுதல். ஆனால் பதற்றத்தில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எடையால் வந்த துன்பம் எடையோடு போகிறது. வேறெதனாலோ வந்தது அப்படியே இருக்கிறது.

சாப்பாடு பலருக்கு ஆறுதல். அலுவலகத்தில் திட்டு வாங்கி வந்தால் ஒரு பிளேட் பஜ்ஜி. அறுவைக்குப் பிறகு அந்த ஆறுதலுக்கு வயிற்றில் இடமில்லை, துக்கம் மட்டும் அதே அளவில் வரும். பெரிய ஆய்வுகளில், அறுவைக்குப் பின் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது சிறிய எண்ணிக்கையில் என்றாலும் கூடுவதாகப் பதிவாகியிருக்கிறது. அறுவைக்கு முன்பு மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். பலர் அதை ஒரு கையெழுத்து வாங்கும் சடங்காக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், முன்பைவிட ஒரு வருடம் கழித்துத்தான் அவர் அதிகம் தேவைப்படுவார்.

நம்மூருக்கென்று ஒரு தொல்லையும் இருக்கிறது. குண்டாக இருந்தபோது "இப்படி இருக்கியே" என்றவர்களே மெலிந்த பிறகு "என்னம்மா, சுகர் ஏதும் வந்துடுச்சா? முகமே வத்திப்போச்சு" என்பார்கள். அக்கா முதலில் அழுதாள். இப்போது "ஆமா, போயிடுச்சு" என்கிறாள்.

"திரும்பப் போட்டுடுமாமே?"

அத்தையின் கேள்விக்கு வருவோம். எடை பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வருடத்தில் அடிமட்டத்தைத் தொடும். அதன்பின் பலருக்குக் கொஞ்சம் ஏறும். சென்சாரை இறக்கிக் கட்டியிருந்தாலும் அது வருடக்கணக்கில் மெல்ல மேலே நகரப் பார்க்கிறது. கொஞ்சம் ஏறுவது தோல்வியும் இல்லை, கட்டுப்பாடு இல்லாததன் அடையாளமும் இல்லை. முழுவதும் திரும்புவது வேறு விஷயம், அது குறைவான பேருக்கே நடக்கிறது. ஸ்வீடன் ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் பத்து வருடம் கழித்தும் தொடக்க எடையிலிருந்து சராசரியாக 25 சதவீதம் குறைவாக இருந்தார்கள். இன்னும் முக்கியமானது: பத்து வருடம் கழித்து 10 சதவீதம் குறைந்து நின்றாலே வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்தது. 120 கிலோ இருந்தவர் 108-இல் நிலைத்தால் ஊர் அதைத் தோல்வி என்னும். மாடிப்படி அப்படிச் சொல்லாது.

சர்க்கரை நோயிலும் இதே கவனம் வேண்டும். மருந்தில்லாமல் அளவு சரியாக இருப்பதைத் 'தணிவு' என்கிறார்கள், குணம் என்று சொல்வதில்லை. சில வருடம் கழித்துப் பலருக்குத் திரும்புகிறது. ஆயுள் கணக்கும் அப்படி நிதானமானதுதான். 2020-இல் வெளியான ஸ்வீடன் முடிவின்படி, அறுவை செய்துகொண்டவர்கள் செய்துகொள்ளாத பருமன் உள்ளவர்களைவிடச் சுமார் 3 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். பொதுமக்களைவிட 5.5 வருடம் குறைவாகவும் வாழ்ந்தார்கள்.

அன்று பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் சித்தி மகள் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு பி.எம்.ஐ. 26 கூட இருக்காது. "எந்த ஆஸ்பத்திரிக்கா, எவ்வளவு ஆச்சு?" என்று ஆரம்பித்தாள். அக்கா கைப்பையைத் திறந்து கால்சியம் மாத்திரை அட்டையையும் மடித்து வைத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக் காட்டி, "முதல்ல இதைக் கேளுடி" என்றாள். இரண்டு பேரும் மண்டபத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் பாயசம் இரண்டாம் தடவை கேட்கப் போனேன்.